வாளையார் தாண்டி வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு

கேரள எல்லைக்குள், பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்து, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு பிடித்து, பைக்கையும் கொண்டுவந்து விட்டீர்கள். சரி. லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். சட்டமும் ஊரில் இருந்த அதே 1988 மோட்டார் வாகனச் சட்டம்தான். ஆனால் அதில் நாம் யாரும் படிக்காமல் விட்ட பகுதி ஒன்று உண்டு: ரோட்டில் நடப்பவர்களிடமும் மாற்றுத்திறனாளிகளிடமும் எப்படி ஓட்ட வேண்டும் என்பது.

எனக்கு அது தெரிந்தது வந்த புதிதில். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். ஹாரன் அடித்தேன், திரும்பவில்லை. இன்னும் அழுத்தி அடித்தேன். டீக்கடையில் நின்றவர் வந்து, "அவருக்குக் காது கேக்காதுங்க தம்பி. நீங்க அடிக்கிறது எங்களுக்குத்தான் கேக்குது" என்றார். தமிழில்தான் சொன்னார், இந்தப் பக்கம் தமிழுக்குப் பஞ்சமில்லை.

காது கேளாதவரைப் பின்னாலிருந்து பார்த்து அடையாளம் காண முடியாது. ஹாரனுக்கு ஒருவர் அசையவில்லை என்றால் திமிர் என்று நினைக்காதீர்கள், பிரேக்கைப் பிடியுங்கள். தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் அந்தச் சட்டத்தின் 194எஃப் பிரிவில் 1,000 ரூபாய் அபராதம், மறுபடியும் என்றால் 2,000.

அதே சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடம் கூடுதல் கவனம் காட்டுவதை ஓட்டுநரின் கடமையாகவே வைத்திருக்கின்றன. சிக்னல் இல்லாத ஸீப்ரா கோட்டில் நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் வேகத்தைக் குறைத்து, நின்று, வழிவிட வேண்டும். முன்னால் வண்டிகள் தேங்கி நின்றால் கோட்டின் மேல் ஏறி நிற்கவும் கூடாது. மீறினால் 177ஏ பிரிவில் 500 முதல் 1,000 வரை. இங்கே இதற்கெல்லாம் 'பெற்றி' என்பார்கள். பெற்றி கிட்டியோ என்று யாராவது கேட்டால் அபராதம் வந்ததா என்று அர்த்தம்.

வெள்ளைக் கோலுடன் ஒருவர் நின்றால் கோட்டுக்கு நன்றாக முன்பே நிறுத்துங்கள். கோட்டின் மேல் நிறுத்தினால் அவர் உங்கள் வண்டியைச் சுற்றிப் போக வேண்டும். அதிலேயே திசை தப்பிவிடும். "போங்க, போங்க" என்று கத்தவும் வேண்டாம். எதிர்ப்பக்கம் வரும் லாரிக்கு நீங்கள் ஜாமீன் நிற்க முடியாதே. அவர் வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார். அதனால் பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் மெதுவாக வர வேண்டும்.

அப்புறம் நடைபாதை. அதில் ஓட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. 'ரெண்டு நிமிஷம்தானே' என்று கடை வாசலில் சாய்த்து வைக்கும் பைக், சக்கர நாற்காலிக்காரரை அப்படியே பஸ் ஓடும் ரோட்டில் இறக்கிவிடுகிறது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

மோதிவிட்டால் ஓடாதீர்கள். 134-ஆம் பிரிவின்படி அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழிசெய்வதும் போலீசுக்குச் சொல்வதும் உங்கள் வேலை. கூட்டம் கோபத்தில் இருந்து அங்கே நிற்க முடியாவிட்டாலும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், ஸ்டேஷனில் போய்ச் சொல்லியாக வேண்டும்.

போர்டுகளில் 'பின்னசேஷி' என்று மலையாளத்தில் எழுதியிருந்தால் அது மாற்றுத்திறனாளிகளுக்கான இடம். மலையாளம் படிக்க வராவிட்டால் சக்கர நாற்காலிப் படத்தைப் பார்த்து, வண்டியை வேறு இடத்தில் போடுங்கள்.