நாய்க்கு அரிப்பா? சிங்கப்பூர் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய் ஓயாமல் சொறிகிறது, வாலடியைத் திரும்பித் திரும்பிக் கடிக்கிறது. உடனே வீட்டில் ஒருவர் ஷாம்பூவை மாற்றுவார், இன்னொருவர் கோழியை நிறுத்துவார், பாட்டி வேப்பெண்ணெய் தடவச் சொல்வார். மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தால், குணமானாலும் எதனால் குணமானது என்று தெரியாது. குணமாகாவிட்டால் எது பலிக்கவில்லை என்றும் தெரியாது.

அரிப்பு தனியாக ஒரு நோய் அல்ல. தெள்ளுப்பூச்சி, சிரங்குப் பூச்சி, ஈஸ்ட் என்ற பூஞ்சை, பாக்டீரியா, ஒவ்வாமை என்று எது காரணமாக இருந்தாலும் நாய் செய்வது ஒன்றுதான்: சொறிவது. அதனால் முதலில் தெள்ளுப்பூச்சி இல்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் காசும் கரைகிறது, நாயும் மாதக்கணக்கில் அவதிப்படுகிறது.

"பார்த்தோம், ஒன்றும் இல்லை"

முதல் தவறு இதுதான். தெள்ளுப்பூச்சி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பக்கவாட்டில் தட்டையான உடல், முடிக்குள் ஓடி ஒளிந்துவிடும். அதன் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய், நக்கியும் கடித்தும் பூச்சிகளைத் தானே விழுங்கிவிடுவதால் கண்ணில் எதுவுமே படாமல் போகலாம். ஆனால் அப்படிப்பட்ட நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், அரிப்பு நாள்கணக்கில் நீடிக்கும்.

கண்ணால் தேடாமல் சீப்பால் தேடுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் பல் நெருக்கமான உலோகச் சீப்பு கிடைக்கும். இடுப்பிலிருந்து வாலடி வரை, பிறகு தொடையின் உள்பக்கம், வயிறு என்று தோலை ஒட்டிச் சீவுங்கள். சீப்பில் வருவதை நனைத்த வெள்ளை டிஷ்யூவில் தட்டி ஓரிரு நிமிடம் விடுங்கள். மிளகுத்தூள் போன்ற கருந்துகள்களைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை பரவினால் அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். மண் துகளாக இருந்தால் அந்தச் சிவப்பு வராது. ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாவிட்டாலும் இந்தக் கறை ஒன்றே போதுமான சான்று.

"நாங்கள் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறோம்" என்பது அடுத்த சமாதானம். நாயின் மேல் காணப்படும் தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் பூனைத் தெள்ளுப்பூச்சி என்ற இனம்தான். பூனைகள் படுத்துறங்கும் புளோக்கின் கீழ்த்தளம், நடைபாதையோரச் செடிகள், பல நாய்கள் புரளும் புல்தரை என எங்கிருந்தும் அது ஏறிக்கொள்ளும். வீட்டுக்குள் வந்துவிட்டால் பன்னிரண்டாவது மாடியும் தரைத்தளமும் அதற்கு ஒன்றுதான்.

நாய்க்கு மருந்து, வீட்டுக்கு ஒன்றுமில்லை

பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி, ஒரு வீட்டில் உள்ள தெள்ளுப்பூச்சிகளில் நாயின் மேல் இருக்கும் வளர்ந்த பூச்சிகள் சுமார் 5 விழுக்காடுதான். மீதி எல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டில் கிடக்கும். ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். அவை முடியில் ஒட்டாமல், நாய் படுக்கும் இடமெல்லாம் உதிரும். புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி சோஃபாவுக்கு அடியிலும் பலகைத் தரையின் இடுக்குகளிலும் ஒளிந்து, உதிர்ந்த எச்சத்தைத் தின்று வளரும். சிங்கப்பூரின் வெப்பமும் ஈரப்பதமும் அவற்றுக்கு ஆண்டு முழுவதும் தோதானவை. மூன்று நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். குளிர்காலம் வந்து அடக்கிவிடும் என்று இங்கே காத்திருக்க முடியாது.

கூட்டுப்புழுவைத்தான் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிசுபிசுப்பான கூட்டின் மேல் தூசி ஒட்டிக்கொள்வதால் அது கண்ணுக்குத் தப்பும். பூச்சி மருந்தும் உள்ளே இறங்காது. அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று ஆகியவற்றை உணரும்வரை மாதக்கணக்கில்கூட உள்ளேயே காத்திருக்கும். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு நாயை விடுதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பியதும், கதவைத் திறந்த அன்றே கணுக்காலில் கடி விழுவது இதனால்தான். பூட்டிய வீட்டில் காத்திருந்த பூச்சிகள், காலடி அதிர்வு பட்டதும் மொத்தமாக வெளியே வருகின்றன. பழி நாய் விடுதியின் மேல் விழும், ஆனால் பூச்சி பெரும்பாலும் வீட்டிலேயே இருந்ததுதான்.

ஆகவே மருந்து கொடுத்த அன்றே வீட்டு வேலையையும் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் வேக்குவம் போடுங்கள். சோஃபா மடிப்பு, கட்டிலடி, சுவரும் தரையும் சேரும் ஓரம், காரின் பின் இருக்கை எதையும் விடாதீர்கள். அதன் அதிர்வே கூடுகளை விழிக்கச் செய்யும். வெளிவரும் பூச்சி, மருந்துள்ள நாயைக் கடித்துச் சாகும். சேர்ந்த குப்பையை உடனே பையில் இறுக்கிக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். நாயின் படுக்கை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுநீரில் துவைக்க வேண்டும். இங்கே பல வீடுகளில் துணி குளிர்ந்த நீரில்தான் துவைக்கப்படுகிறது, அது போதாது. இயந்திரத்தில் சுடுநீர் வசதி இல்லையென்றால் உறையைக் கொதிநீரில் ஊறவைத்துவிட்டுத் துவைக்கலாம், அல்லது டிரையரில் அதிகச் சூட்டில் உலர்த்தலாம்.

ஸ்பிரே வாங்குவதானால் மெத்தோபிரின் அல்லது பைரிப்ராக்ஸிபென் கலந்ததைத் தேடுங்கள். இவை முட்டையும் புழுவும் மேற்கொண்டு வளராமல் தடுக்கும். வீட்டில் மீன் தொட்டி இருந்தால் அதை மூடி, காற்றுப் பம்பை நிறுத்திவிட்டு அடியுங்கள். பூச்சி ஸ்பிரேக்களில் இருக்கும் பைரெத்ராய்டு மீன்களைக் கொன்றுவிடும்.

மருந்து கொடுத்த பிறகும் சில வாரங்களுக்குப் புதுப் பூச்சிகள் தென்படும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். கூட்டிலிருந்து வருபவை தீர வேண்டும், அதற்கு இடைவிடாத மூன்று மாதமாவது ஆகும். ஒரு மாதம் கொடுத்து நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இந்தத் தட்பவெப்பத்தில் தடுப்பு மருந்தை ஆண்டு முழுவதும் விடாமல் கொடுப்பதே சரி.

மருந்தில் நடக்கும் பிழைகள்

பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கி இரண்டாக வெட்டிச் சின்ன நாய்க்குக் கொடுப்பது சிக்கனமாகத் தோன்றும். மெல்லும் மாத்திரையில் இரண்டு பாதியிலும் மருந்து சம அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு பாதியில் குறைந்தால் பூச்சி பிழைக்கும், கூடினால் நாய்க்கு ஆபத்து. நாயை எடை பார்த்து, அந்த எடைக்கு உரியதையே வாங்குங்கள். வயதும் முக்கியம். எட்டு வாரம் ஆகாத குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் கூடாது, சீப்புதான் வழி. ஆனால் குட்டியின் ஈறு வெளிறியிருந்தால், பூச்சிகள் இரத்தத்தைக் குறைத்துவிட்டன என்று பொருள். அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

நெக்ஸ்கார்ட், சிம்பாரிகா, பிரவெக்டோ ஆகியவை ஐசோக்ஸசோலின் என்ற பூச்சிக்கொல்லி வகை மருந்துகள். நன்றாக வேலை செய்யும், பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் சில நாய்களுக்கு நடுக்கமோ வலிப்போ வரக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. உங்கள் நாய்க்கு ஒருமுறையாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் இவற்றைக் கொடுக்கக் கூடாது.

சொட்டு மருந்தை முடியின் மேல் விடுவது இன்னொரு பிழை. தோள்பட்டைகளுக்கு நடுவே முடியைப் பிரித்து, வெள்ளையாகத் தெரியும் தோலின் மேல் விட வேண்டும். ஃபிப்ரோனில் போன்ற மருந்துகள் தோலின் எண்ணெய்ப் பசை வழியாகத்தான் பரவும். அதனால் போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம்.

2024 செப்டம்பர் 1 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு. நாயும் பூனையும் ஒன்றாக வளரும் வீடுகளுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. நடுக்கம், வலிப்பு, மரணம் வரை போகும். நாய்க்குப் போட்டாலும் அது காயும்வரை பூனை உரசாமல் பிரித்து வையுங்கள். ஆனால் பூனையை மருந்தில்லாமல் விட்டாலும் பூச்சி ஒழியாது. அதற்கென உள்ளதைத் தனியாக வாங்குங்கள்.

கைவைத்தியம்

வேம்பின் மேல் நமக்குள்ள நம்பிக்கை பொய்யல்ல, பூச்சியை விரட்டும் குணம் அதற்கு உண்டு. ஆனால் கடையில் வாங்கும் வேப்பெண்ணெயை அப்படியே தடவினால் புண்ணான தோல் எரியும், நக்கினால் வாந்தி வரும், வீட்டில் கிடக்கும் முட்டையும் கூடும் அப்படியே இருக்கும். மஞ்சள் பூசினால் தோலின் சிவப்பு மறைந்து மருத்துவருக்குப் புண்ணின் எல்லை தெரியாமல் போகும். இவை கெடுதல் குறைந்தவை. கற்பூரம் தோல் வழியாகவே உடலில் ஏறி வலிப்பை உண்டாக்கும். மண்ணெண்ணெய் தோலைச் சுடும், நக்கினால் நுரையீரலுக்குப் போகும். பூண்டு சிவப்பணுக்களைச் சிதைக்கும். டீ ட்ரீ எண்ணெய் நடுக்கமும் தளர்ச்சியும் தரும். குளிக்கும் நீரில் டெட்டால் கலப்பதும் வேண்டாம். இந்த ஐந்தும் நாயின் பக்கம் வரவே கூடாது.

குளியல்

மனிதர்களின் ஷாம்பூ நம் தோலின் அமிலத்தன்மைக்கு ஏற்பத் தயாரானது. நாயின் தோல் அந்த அளவு அமிலத்தன்மை கொண்டதல்ல, அதனால் வறண்டு மேலும் அரிக்கும். தெள்ளு ஷாம்பூ அப்போது இருக்கும் பூச்சியைத்தான் கொல்லும், மறுநாள் ஏறுவதைத் தடுக்காது.

ஷிட்சு, பூடில் போன்ற நாய்களிடம் புளித்த வாடை, பிசுபிசுப்பு, பழுப்பேறிய பாத முடி இருந்தால் ஈஸ்ட் பெருகியிருக்கலாம். அதற்குக் குளோர்ஹெக்ஸிடினும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பூவை மருத்துவர் தருவார். பெரும்பாலானோர் நுரை வந்ததும் அலசிவிடுகிறார்கள், மருந்து வேலை செய்யவே நேரம் கிடைப்பதில்லை. போனில் 10 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அதுவரை நுரையை அப்படியே விடுங்கள். அரிப்பு அதிகமுள்ள பாதத்திலும் அக்குளிலும் முதலில் தடவினால் அங்கே கூடுதல் நேரம் இருக்கும். பிறகு நுரை துளியும் மிஞ்சாமல் அலசி, விரலிடுக்கு, காது மடல், வாலடி வரை துவட்டுங்கள், குளிர்காற்று டிரையர் காட்டுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் அடிமுடி தானாகக் காயும் என்று விட்டால் மறுபடி ஈஸ்ட் வரும்.

உண்ணியைத் தீயால் சுடுவது

தெள்ளு குதிக்கும், உண்ணி ஒட்டிக்கொள்ளும். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் தேடுங்கள். நெருப்போ எண்ணெயோ வைத்தால் உண்ணி தன் உமிழ்நீரை உள்ளே கக்கும். கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நிதானமாக நேராக இழுங்கள். விரலால் நசுக்காமல் ஆல்கஹாலில் போடுங்கள். பழுப்பு நாய் உண்ணி சுவரேறி இடுக்குகளில் முட்டையிடும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். எனவே சுவரோரங்களும் சுத்தமாக வேண்டும்.

உண்ணி கடித்த நாய் சாப்பிடாமல் சோர்ந்தால், ஈறு வெளிறினால், மூக்கில் இரத்தம் வந்தால், சிறுநீர் கருத்தால் அன்றே மருத்துவமனை. உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா நோய்கள் சிங்கப்பூரில் உண்டு, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

உணவும் ஸ்டீராய்டும்

பூச்சியை விலக்கிய பிறகும் பாதம், முகம், காது என்று அரிப்பு தொடர்ந்தால்தான் ஒவ்வாமையை நினைக்க வேண்டும். வாரத்துக்கொரு உணவாக மாற்றுவதால் எதுவும் தெரியாது. தானியமில்லாத உணவு என்பதும் தீர்வல்ல. நாய்களுக்கு ஒவ்வாதவற்றில் முன்னிற்பவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி. மருத்துவர் சொல்லும் ஒரே உணவை மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். தாத்தா ஊட்டும் ஒரு கை தயிர்சாதமும், கோழிச் சுவையூட்டிய மாத்திரையும் அந்த எட்டு வாரத்தைப் பாழாக்கும். அரிப்பு குறைந்த பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்த்து, மீண்டும் வந்தால்தான் உறுதி.

வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவுவதும் ஆபத்து. அரிப்பு அடங்கும், காரணம் மறைந்துகொள்ளும். டெமோடெக்ஸ் சிற்றுண்ணியாக இருந்தால் பன்மடங்கு பரவும். காது ஓரமும் முழங்கையும் கடுமையாக அரித்து, வீட்டாருக்கும் சொறி வந்தால் சார்காப்டெஸ் சிரங்காக இருக்கலாம். அதற்குத் தோலைச் சுரண்டிச் சோதிக்க வேண்டும், களிம்பு உதவாது.

மருத்துவரிடம் போகும்முன் மூன்று நாளாவது குளிப்பாட்ட வேண்டாம், காதையும் சுத்தம் செய்ய வேண்டாம். தோலிலும் காதிலும் உள்ளவைதான் சோதனைக்கு வேண்டியவை. அரிப்பு எங்கே தொடங்கியது, எந்த மருந்து எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, என்ன சாப்பிடுகிறது என்பதை எழுதிக்கொண்டு, சீப்பில் வந்த துகள்களைச் சிறு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நாயின் மலத்தில் அரிசி போன்ற வெண்துணுக்குகளைப் பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். தெள்ளுப்பூச்சியை விழுங்கிய நாய்க்கு வரும் நாடாப்புழு அது, அதற்கு வேறு மாத்திரை உண்டு.