உயரப் பயத்தோடு சீகிரியா ஏறுவது எப்படி: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு செய்முறை

யாழ்ப்பாணம் தட்டை நிலம். இங்கே உயரம் என்றால் பனையும் கோயில் கோபுரமும்தான். கீரிமலையில்கூட மலை இல்லை. அதனால் எனக்கு உயரத்தைக் கண்டால் பயம் என்பதை வீட்டில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 14 வயதில் பள்ளிச் சுற்றுலாவில், தம்புள்ளைக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் பாறைக் கோட்டையான சீகிரியாவுக்குப் போனபோதுதான் அது வெளியே தெரிந்தது. உச்சிக்குப் போகும் வழியில் உள்ள இரண்டு பெரிய சிங்கப் பாதச் சிலைகளுக்கு நடுவே ஏறும் படிக்கட்டில் கால் வைத்ததும் உள்ளங்கால் கூசியது, வாய் காய்ந்தது, முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. "இதுக்கெல்லாம் பயப்பிடுறதே" என்று கூட வந்த ஆசிரியர் ஒருவர் கையைப் பிடித்து மேலே இழுத்தார். நான் அப்படியே படியில் குந்திவிட்டேன். மற்றப் பிள்ளைகள் ஏறி இறங்கும்வரை கீழே தனியாக இருந்தேன்.

அதன் பிறகு 24 வருடம் மாடி வீடுகளில் யன்னலோரம் போனதில்லை. இந்த மாசி மாதம், 38 வயதில், சீகிரியாவின் உச்சியில் அரை மணி நேரம் நின்றேன். என்னென்ன செய்தேன், எங்கே பிழை விட்டேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்கும் இதே பயம் இருந்தால் இது உதவ வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

முதலில் உடம்பை விளங்கிக்கொள்ளுங்கள்

அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடம்பு கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். கண், உட்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு, இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த ஆட்டத்தைத் திருத்துகின்றன. பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால் நாம் ஆடுவது கண்ணுக்குப் பிடிபடும், உடம்பு உடனே சரிசெய்துகொள்ளும். உயரத்தில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வெகு தூரத்தில் இருப்பதால் சின்ன ஆட்டம் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் ஆட்டம் கூடுகிறது. அந்த ஆட்டத்தை உணர்ந்து நாம் மிரண்டு, தசையை இறுக்கி, இன்னும் நிலை தடுமாறுகிறோம்.

இதை அறிந்த அன்று எனக்கு ஒரு பாரம் இறங்கியது. அவ்வளவு காலமும் இதைக் கோழைத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

இதிலிருந்து ஒரு ஒழுங்கு கிடைக்கிறது. உயரத்தில் நின்றதும் முதலில் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள அசையாத பொருள் ஒன்றைப் பாருங்கள். மூச்சு சீரானதும் அடிவானத்தைப் பாருங்கள். கீழே பார்ப்பது கடைசியில். முகிலையும் பறக்கும் பறவையையும் தொடக்கத்தில் பார்க்கவே வேண்டாம். எங்கள் ஊரில் பனை ஏறும் ஐயா ஒருவரிடம் கேட்டேன், அவரும் இதையே வேறு சொல்லில் சொன்னார். தளைநாரைக் காலில் மாட்டியபடி, "பிள்ளை, நான் பனையைப் பாக்கிறனே தவிர ஊரைப் பாக்கிறேல்லை. முகத்துக்கு முன்னாலை இருக்கிற சிராயைப் பாத்து ஏறவேணும்" என்றார்.

ஒரு கொப்பி வாங்குங்கள்

கைத்தொலைபேசியில் இதற்கான செயலிகள் இருக்கின்றன. எனக்குச் சாதாரண கொப்பிதான் பிடித்தது. பயத்துக்கு 0 முதல் 10 வரை புள்ளி போட வேண்டும். 0 என்றால் வீட்டுத் திண்ணையில் இருப்பது போல, 10 என்றால் இனி ஒரு நிமிடமும் நிற்க ஏலாது. ஓர் இடத்துக்குப் போனதும் ஒரு புள்ளி, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு புள்ளி. தொடங்கிய புள்ளி பாதியாகும் வரை அந்த இடத்தை விட்டு வெளிக்கிடக் கூடாது.

இதுதான் முழு வேலையும். பலர் "துணிஞ்சு ஏறு, பிறகு பயம் போயிடும்" என்பார்கள். ஓடி ஏறி ஓடி இறங்கினால், தப்பி ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும். நின்று, பயம் தானாக வடிவதை உடம்பு ஒருமுறை கண்டால்தான் அடுத்த முறை அது குறைவாகத் தொடங்கும். கண்ணை மூடுவது, யாருடைய கையையாவது பிடித்துக்கொள்வது, பயம் தெரியாமலிருக்கத் தொலைபேசியில் கதைப்பது, இவையெல்லாம் ஊன்றுகோல்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு இருக்கலாம், ஒவ்வொன்றாகக் கழற்றிவிட வேண்டும்.

கிணறும் கோட்டையும்

மலை இல்லாத ஊரில் எங்கே பழகுவது? நான் கிணற்றில் தொடங்கினேன். இடுப்புக்கு மேல் கட்டு உள்ள கிணறாக இருக்க வேண்டும். இரண்டு கையையும் கட்டில் வைத்து, முதலில் எதிர்ப்பக்கச் சுண்ணாம்புக்கல்லைப் பார்த்து, பிறகு மெதுவாகக் கண்ணை இறக்கித் தண்ணீரைப் பார்த்தேன். முதல் நாள் 6 புள்ளி. பன்னிரண்டு நிமிடத்தில் 3. நான்காம் நாள் 2க்கு மேல் போகவே இல்லை. இதே கிணற்றில் என் அம்மப்பா துலா மிதித்தவர். தண்ணீர் இறைக்கும்போது அந்தரத்தில் நீண்ட அந்த மரத்தில் முன்னும் பின்னும் நடப்பாராம். அவருடைய பேத்தி கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அம்மா கண் கலங்கிவிட்டார்.

அடுத்தது யாழ்ப்பாணக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் பெருப்பித்த கோட்டை. மதில் அகலமானது, ஆனால் விளிம்பில் கைபிடி இல்லாத இடங்கள் உண்டு. ஆகவே விளிம்பிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளியே நில்லுங்கள், அதற்குள் வரத் தேவையில்லை. பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு போனால் பண்ணைக் கடலும் பாலமும் தெரியும், அடிவானத்தைப் பார்த்துப் பழக அருமையான இடம். ஐந்து முறை போனேன்.

நான் தோற்ற இடம்: இரும்புப் படி

கோட்டையில் புள்ளி 1க்கு இறங்கியதும், இனிச் சரி என்று நினைத்துப் புரட்டாதியில் தங்கையுடன் சீகிரியாவுக்குப் போனேன். சிங்கப் பாதம் வரை 5 புள்ளியைத் தாண்டவில்லை. அங்கிருந்து உச்சி வரை பாறையோடு ஒட்டிய இரும்புப் படிக்கட்டு. பதினொன்றாவது படியில் நின்றபோது மேலேயிருந்து ஒரு சிறுவன் தடதடவென்று இறங்கி ஓடினான். என் காலுக்குக் கீழே படி அதிர்ந்தது. குனிந்து பார்த்தால் படியின் இடைவெளியால் கீழே பாறையும் மரங்களும். சோளகக் காற்றும் ஓயவில்லை. புள்ளி நேராக 10. குந்திவிட்டேன், 14 வயதில் குந்திய அதே இடத்துக்குப் பக்கத்தில்.

தங்கை இழுக்கவில்லை. பக்கத்துப் படியில் இருந்து, "அக்கா, இறங்குவம். ஆனா இருந்து இருந்து, மெதுவா இறங்குவம்" என்றாள். அப்படியே இறங்கினோம்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் பிழை விளங்கியது. கிணற்றிலும் கோட்டையிலும் நான் கல்லில் நின்று பழகியிருந்தேன். அதிரும் தரையிலும் கீழே தெரியும் தரையிலும் பழகவே இல்லை. என்னைக் குந்த வைத்தது உயரம் மட்டுமல்ல, நம்ப முடியாத அந்தத் தரை. இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து இந்தப் படியைத் தவறவிடாதீர்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கிக்குப் போக வெளியே இரும்புச் சுழல்படி இருக்கிறது. இப்படி ஒன்று உங்கள் ஊரிலும் எங்காவது இருக்கும். கேட்டு, அது உறுதியாக இருக்கிறதா, துருப்பிடித்து இற்றுப்போகவில்லையா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் நாள் மூன்றாம் படியில் இருந்தேன். தங்கை கீழ்ப்படியில் நின்று குதித்தாள். நாலாம் நாள் நடுவில் நின்றேன், தங்கையின் மகன் மேலும் கீழும் ஓடினான். ஒவ்வொரு தடவையும் படி "டங்" என்று அதிரும், கைபிடியில் விரல் கூசும், பிறகு அடங்கும். படியின் இடைவெளியால் கீழே செவ்வரத்தம் செடி தெரியும். அதில் எத்தனை பூ என்று எண்ணிச் சொல்ல வேண்டும், அதுதான் பயிற்சி. முதல் வாரம் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறியது. மூன்றாம் வாரம் ஏழு பூவையும் ஏழாகவே எண்ணினேன். அதிர்வது வேறு, உடைவது வேறு என்பதைக் கால் கற்றுக்கொள்ள மூன்று வாரம் எடுத்தது.

ஜெர்மன் கவிஞர் கோதே மாணவராக ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்தபோது இதே பயத்தைப் போக்க அந்த நகரத் தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் ஒரு சின்ன மேடையில் திரும்பத் திரும்பப் போய் நின்றாராம். 1770இல் அவருக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. அவர் கண்டுபிடித்ததும் நிற்பதைத்தான்.

பயண நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியிலேயே தம்புள்ளை வரும், ஏறத்தாழ 250 கிலோமீற்றர். கண்டி பஸ் தம்புள்ளையில் நிற்கும், அங்கிருந்து சீகிரியாவுக்கு வேறு பஸ். இரவு பஸ்ஸில் போய் அப்படியே விடியற்காலையில் ஏறுவதை நான் விரும்பவில்லை. நித்திரை இல்லாத உடம்பில் பயம் இரட்டிப்பாகும். ஓரிரவு தம்புள்ளையில் தங்குங்கள். சனி, ஞாயிறு, பௌர்ணமி விடுமுறையான போயா தினம், பள்ளி விடுமுறை வேண்டாம், பின்னால் வரிசை நெருக்கினால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. மாரி மழையில் படி வழுக்கும். மாசி, பங்குனியில் காலை வேளை எனக்கு ஒத்துவந்தது.

பாட்டாச் செருப்பு வேண்டாம். அடி வழுக்காத சப்பாத்து, பழைய சப்பாத்தாக இருப்பது நல்லது. கை இரண்டும் வெறுமையாக இருக்க வேண்டும், தண்ணீர்ப் போத்தல் முதுகுப் பையில் போகட்டும். மெல்லிய பருத்திக் கையுறை ஒரு சோடி கொண்டுபோனேன், வெயில் ஏறியதும் இரும்புக் கைபிடி சுடும். அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

பாறையில்

சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயரம், 1200 படி அளவில். அடிவாரத்தில் உள்ள பழைய நீர்த் தோட்டமும் கற்படிகளும் எளிது. பாறையிலுள்ள பழைய ஓவியங்களுக்குப் போகும் சுழல்படியைச் சுற்றிக் கம்பிவலை இருக்கிறது, அது நல்ல ஒத்திகை. அங்கே புள்ளி 4. நின்று 2 ஆக்கிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

சிங்க மேடையில் கால் மணி நேரம் இருங்கள். குளவி பற்றிய எச்சரிக்கைப் பலகை இருக்கும், சத்தம் போட வேண்டாம். பிறகு இரும்புப் படி. பாறைப் பக்கமாக ஏறுங்கள். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சை உள்ளே எடுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். பதினொன்றாவது படியில் நான் வேண்டுமென்றே நின்றேன். 7 புள்ளி. முகத்துக்கு நேரே பாறையில் சின்னச் சின்னக் குழிகளாக வெட்டு. ஐந்தாம் நூற்றாண்டில், இந்தக் கோட்டையைக் கட்டிய மன்னன் காசியப்பன் காலத்தில், பழைய படி அமைக்க வெட்டிய தடங்கள் அவை. ஒன்றின் விளிம்பில் விரலை வைத்தேன். குளிர்ச்சியாக, மழை தேய்த்து வழவழப்பாக இருந்தது. யாரோ ஒருவர் இந்த இரும்பு எதுவும் இல்லாமல் இங்கே நின்று உளியை அடித்திருக்கிறார். மேலேயிருந்து ஆட்கள் இறங்கினார்கள், படி அதிர்ந்தது, அடங்கியது. நான் விரலை எடுக்கவில்லை. ஒன்பது நிமிடத்தில் 3. ஏறினேன்.

உச்சியில் காற்று, செங்கல் அத்திவாரங்கள், பச்சைத் தண்ணீரோடு ஒரு குளம். தங்கை அழுதாள், நானும்.

இறங்குவது

ஏறுவதைவிட இறங்குவது கடினம், கண் தானாகக் கீழே போகும். ஏணியில் போலப் பின்பக்கமாக இறங்க முயலாதீர்கள், வருபவர்களுக்கு இடைஞ்சல், ஆபத்தும்கூட. கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி, கைபிடியில் ஒரு கை, கண் அடுத்த மூன்று படியில். களைத்த காலில் வரும் நடுக்கத்தைப் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். இருந்து தண்ணீர் குடித்தால் அது போய்விடும்.

பின்னர் சேர்த்தது: இதை எழுதிய பிறகு சிலர் கேட்டவை. படுக்கையில் புரளும்போதும் உலகம் சுற்றுகிறது, காதில் இரைச்சல் இருக்கிறது என்றால் அது உயரப் பயம் அல்லாமல் உட்காதுப் பிரச்சினையாக இருக்கலாம். முதலில் காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பாருங்கள். இதய நோய் உள்ளவர்களும் கேட்டுவிட்டே ஏறுங்கள். பயத்துக்கு யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். மந்தமான கால் படியில் ஆபத்து.

இன்னொன்று: வவுனியாவிலிருந்து ஒரு தம்பி, தன் அம்மா கிணறு, மாடி எல்லாம் கடந்தும் படி இறங்கும்போது மட்டும் மிரளுகிறார் என்று எழுதினார். பல முறை எழுதிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அம்மா போடுவது மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை உள்ள கண்ணாடி. குனிந்தால் கீழ்ப்பகுதி வழியாகப் படி மங்கலாகத் தெரியும், விளிம்பு எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாது. தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு, மாடிப் படியில் ஒரு கிழமை பழக்கச் சொன்னேன். நேற்றுப் பதில் வந்தது. அம்மாவின் கொப்பியில் முதல் நாள் 8, ஏழாம் நாள் 3. பங்குனி முடிவதற்குள் தம்புள்ளைக்குப் போகிறார்களாம்.