நீண்டகாலத் தொண்டுக்கு வெளிநாடு போகுமுன்

கிறிஸ்தவ அமைப்பு ஒன்றோடு சில வருடங்கள் வெளிநாட்டில் தங்கித் தொண்டு செய்ய நினைக்கிறீர்களா? செலவு யாருடையது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அமைப்புக்கு அமைப்பு இது ரொம்பவே மாறும். மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைகள் 1920-இல் தொடங்கிய மென்னோனைட் சென்ட்ரல் கமிட்டி, நீண்டகாலப் பணியாளர்களின் பயணம், தங்குமிடம், சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் இலவச அறுவை சிகிச்சை செய்யும் மெர்சி ஷிப்ஸ் கப்பல்களிலோ, மருத்துவர் உட்பட எல்லாருமே பயணச் செலவைத் தாங்களே ஏற்பதுதான் வழக்கம். பலர் சபையிலும் நண்பர்களிடமும் ஆதரவு திரட்டித்தான் போகிறார்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அதற்கான சான்றிதழ் செல்லுபடியாகும். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள சியரா லியோன் போன்ற நாடுகள், உள்ளே வருபவர்களிடம் அதைக் கட்டாயம் கேட்கும். கடைசி வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள்.