பாட்டியின் அட்டிகைக்கு யார் விலை சொல்வது?

காவேரிப்பட்டினத்தில் என் பெரியம்மா வீட்டில் பாகம் பிரித்தபோது நிலத்துக்கு அரை நாள்தான் ஆனது. பாட்டி விட்டுப்போன கெம்பு அட்டிகை, நாலு குத்துவிளக்கு, ஒரு தேக்குப் பெட்டி, இந்த மூன்றுக்கும் மூன்று மாதம் இழுத்தது. தவறு முதல் நாளே நடந்துவிட்டது. அட்டிகையை எடுத்துக்கொண்டு நேராகப் பழைய நகை வாங்கும் கடைக்குப் போய்விட்டார்கள்.

கடைக்காரர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார், தராசில் வைத்தார். "கல்லு, அரக்கு போனா பெருசா ஒண்ணும் தேறாதுங்கம்மா. வேணும்னா நானே எடுத்துக்கறேன்" என்றார். அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கப்போகிறவர் சொல்வது அவருக்குக் கட்டுபடியாகும் விலை, பொருளின் மதிப்பு வேறு. மதிப்புப் போடுகிறவருக்கு அந்தப் பொருளை வாங்குவதிலோ விற்பதிலோ பங்கு இருக்கவே கூடாது. கூலியும் அப்படித்தான். "மதிப்பில் இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்று கேட்பவருக்குத் தொகை ஏற ஏற லாபம். அமெரிக்காவில் மதிப்புப் போடும் தொழிலுக்கான யூஎஸ்பாப் என்ற விதிகள் இப்படிக் கூலி வாங்குவதையே தடுக்கின்றன. நம் ஊரிலும் இத்தனை ரூபாய் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதுதான் நல்லது.

அடுத்த தவறு, மொத்த எடையை அப்படியே நம்புவது. எங்கள் அட்டிகை 44 கிராம், வீட்டுக் கணக்கில் ஐந்தரைப் பவுன். கல்லும் உள்ளே அடைத்த அரக்கும் கழித்தால் 38 கிராம். டச், அதாவது நூறு பங்கில் சுத்தத் தங்கம் எத்தனை என்பது, 88 வந்தது. பெருக்கினால் சுத்தத் தங்கம் 33.44 கிராம். இன்றைய 916 நகைக் கணக்கில் (ஆயிரத்தில் 916 பங்கு சுத்தத் தங்கம்) அது 36.5 கிராம், நாலரைப் பவுனுக்குச் சற்று மேல். ஒரு பவுன் எங்கே போனது என்று வீட்டில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். யாரும் எடுக்கவில்லை, பழைய நகை அப்படித்தான். அதனால்தான் அறிக்கையில் இந்தக் கழிவு வரி வரியாக இருக்க வேண்டும்: கல்லைக் கழற்றி எடை போட்டாரா, கண்மதிப்பாகக் கழித்தாரா, டச்சை மெஷினில் பார்த்தாரா, உருக்கிப் பார்த்தாரா. மெஷின் மேல்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால் முலாம் போட்ட நகையில் ஏமாற்றிவிடும். 916 என்று முத்திரை மட்டும் இருப்பதும் போதாது. இப்போதைய ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யூஐடி என்ற தனி அடையாளக் குறி இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் விவரம் வந்துவிடும்.

எதற்காக மதிப்பு என்று சொல்லாமலே "எவ்வளவு போகும்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். காப்பீட்டுக்கு என்றால் அதே மாதிரி புதிதாக வாங்க ஆகும் விலை. செய்கூலி, சேதாரம் எல்லாம் அதில் சேரும். பாகத்துக்கு என்றால் சந்தையில் விற்றால் கிடைப்பது. வங்கி அடகுக்குக் கல்லைக் கழித்த தங்கம் மட்டும். ஒரே அட்டிகைக்கு மூன்று தொகை வரும், மூன்றும் சரி. தேதியும் அப்படித்தான். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்தில் இருந்த நகையை விற்றால், மூலதன ஆதாய வரிக்கு அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். இன்றைய மதிப்பை மட்டும் எழுதிய தாள் அதற்கு உதவாது. அப்புறம், வீட்டுக் கடனுக்கு மதிப்புப் போட்ட இன்ஜினியரிடமே நகையையும் நீட்ட வேண்டாம். நகைக்குப் பதிவு பெற்றவர் வேறு, கட்டடத்துக்குப் பதிவு பெற்றவர் வேறு.

குத்துவிளக்கில் சொதப்பியது நான்தான். மதிப்புப் போட ஆள் வருகிறார் என்று புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். பழம்பொருளில் காலத்தால் படிந்த கருமைக்கும் விலை உண்டாம். கிலோ கணக்கில் போகிற சாதா விளக்கு என்பதால் தப்பித்தேன். பழசு என்பதாலேயே விலை ஏறிவிடாது. நூறு வருஷம் தாண்டிய சிலை, ஓவியம் போன்றவை 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயல் வரப்பிலேயே, இறந்த வீரருக்காக அந்தக் காலத்தில் நட்ட நடுகல் நிற்கும். அதற்கு ஒருவர் விலை சொன்னால் உங்கள் நகையை அவரிடம் காட்டாதீர்கள்.

கடைசியில் கிருஷ்ணகிரியிலிருந்து பதிவு பெற்ற நகை மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். இரண்டு பக்க அறிக்கை. படம், எடை, டச், அன்றைய தங்க விலை, நோக்கம், தேதி, கையெழுத்து. கடைசி வரியில், "தேக்குப் பெட்டி என் துறை அன்று, மதிப்பிடவில்லை" என்று எழுதியிருந்தார். "காசு வாங்கிக்கிட்டு இதைச் சொல்லாம போறாரே" என்று பெரியம்மாவுக்குக் கோபம். அந்த வரியைப் படித்த பிறகுதான் மேலே இருந்த தொகைகளை அண்ணன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.