மேலே வெயில், கீழே மதகு: விண்வெளி மின்சாரக் கூட்டுறவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்தியவேட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தெரியும். ஒரு தடவை புகைக்கோடு கலையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாமா கேட்டார்: "இவ்வளவு தூரம் போறவங்க, மேலேயே சோலார் பலகையை விரிச்சு கரண்டைக் கீழே அனுப்பக் கூடாதா?"

நியாயமான கேள்வி. 1968லேயே பீட்டர் கிளேசர் என்ற பொறியாளர் இதை எழுதிவிட்டார். பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட் வெயில் விழுகிறது. மேகம் கிடையாது. மார்ச், செப்டம்பரை ஒட்டிய சில வாரங்களில் தினம் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடுதலாக, பூமியின் நிழல் விழும். மற்றபடி இரவும் கிடையாது. அந்த மின்சாரத்தை நுண்ணலையாக (மைக்ரோவேவ்) மாற்றி அனுப்பி, தரையில் ஆன்டெனா வயல் ஒன்றில் பிடித்து, மறுபடி மின்சாரமாக்க வேண்டும். 2023ல் கால்டெக் பல்கலைக்கழகத்தின் சிறு கருவி சுற்றுப்பாதையிலிருந்து அனுப்பிய அலையைத் தரையில் பிடித்தும் காட்டிவிட்டார்கள். ஆனால் முழு அளவில் செய்வதென்றால் ஒரு நாட்டுக்குக் கை கொள்ளாது, கூட்டுச் சேர வேண்டும். தவறுகள் தொடங்குவது அங்கேதான்.

முதல் தவறு, எங்கே அளப்பது என்று பேசாமல் பங்கு பிரிப்பது. இதற்கு நாங்கள் தூரம் போக வேண்டியதில்லை. 1976ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டிஎம்சி என்று சென்னைக்கு 15 டிஎம்சி கிருஷ்ணா நீரை விட்டுக்கொடுத்தன. 1983ல் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் போட்டபோது, வழியில் ஆவியாவதற்கும் கசிவதற்கும் 3 கழித்து, எல்லையில் 12 என்று எழுதினார்கள். அந்த எல்லைதான் ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஜீரோ பாயின்ட். ஒவ்வொரு வருஷமும் 12 வந்ததா என்பது வேறு கதை. வராதபோது எவ்வளவு குறைந்தது என்று சொல்லவாவது ஓர் இடம் இருக்கிறது.

விண்வெளி மின்சாரத்தில் கசிவு இதைவிட மோசம். 1970களின் கடைசியில் நாசாவும் அமெரிக்க எரிசக்தித் துறையும் போட்ட மாதிரித் திட்டத்தில் பலகை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலம். அதன்மேல் விழும் வெயிலைக் கணக்குப் போட்டால் 68 ஜிகாவாட் வருகிறது. தரையில் மின்கம்பிக்கு வருவது 5. இன்றைய பலகைகள் அன்றையதைவிட மேல், சரி. ஆனாலும் "நான் 20 சதவீதம் போட்டேன், 20 சதவீதம் கொடு" என்று ஒரு நாடு கேட்டால், எதில் 20? பலகையில் பிறந்ததிலா, ஆன்டெனா அனுப்பியதிலா, தரையில் கிரிட் என்ற மின்கம்பி வலைக்குள் போனதிலா? என்னைக் கேட்டால் கிரிட்டுக்குள் நுழையும் இடத்தில்தான் மீட்டர் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் நடக்கும் ஒவ்வொரு இழப்பும் யார் கணக்கு என்பதையும் முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

அடுத்து, தொழில்நுட்பத்தை ஒரே பானையில் கொட்டிக் கிளறலாம் என்ற நினைப்பு. பெரிய நாடுகள் தராது. கடுங்குளிர் திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பத்தை இந்தியாவுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட ரஷ்யா, அமெரிக்க நெருக்குதலால் 1993ல் பின்வாங்கியது நினைவிருக்கும். நம் சொந்த கிரையோஜெனிக் எஞ்சின் ஜிஎஸ்எல்வி ராக்கெட்டை வெற்றிகரமாகக் கொண்டுபோனது 2014 ஜனவரியில். இதற்கு மாறாக, 2025 ஜூலையில் ஏவப்பட்ட, பூமியை ரேடாரால் நோட்டமிடும் நிசார் செயற்கைக்கோளைப் பாருங்கள். எல் அலைவரிசை ரேடார் நாசாவுடையது, எஸ் அலைவரிசை ரேடார் இஸ்ரோவுடையது. அவரவர் பெட்டியை அவரவர் செய்து, சேரும் இடத்தை மட்டும் துல்லியமாகப் பேசிக்கொண்டார்கள். கேரளத்துத் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று பறந்த முதல் ராக்கெட்டும் அப்படித்தான்: ராக்கெட் அமெரிக்காவிலிருந்து, சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து. ஆரம்பமும் சின்னதாக இருந்தது. இன்று கூட்டுத் திட்டம் என்றால் முதல் கூட்டத்திலேயே ஜிகாவாட் பேசுகிறார்கள். ஒரு கிலோவாட்டை மூன்று நாடுகள் சேர்ந்து இறக்கிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

அலைவரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. பழைய திட்டம் கேட்ட 2.45 ஜிகாஹெர்ட்ஸ், நம் வீட்டு வைஃபை ஓடும் இடம். அலைவரிசைகளைப் பங்கிடும் ஜெனிவாவின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் இடம் வாங்க வருஷக் கணக்காகும். ராக்கெட் செய்யும் முன்பே அங்கே வரிசையில் நிற்க வேண்டும்.

செலவை மறைப்பதும் உதவாது. 2010ல் அப்துல் கலாம் அமெரிக்காவின் நேஷனல் ஸ்பேஸ் சொசைட்டியோடு சேர்ந்து இதற்காக ஒரு கூட்டு முயற்சியை அறிவித்தபோது நம் பக்கம் எல்லோருக்கும் பெருமை. 2024 ஜனவரியில் வந்த நாசா அறிக்கையோ, தரையில் கிடைக்கும் மாற்று மின்சாரத்தைவிட இது 12 முதல் 80 மடங்கு வரை செலவாகும் என்றது. ராக்கெட் கட்டணம் குறைந்தால் அந்த எண்ணும் இறங்கும் என்பதையும் அதே அறிக்கை கணக்கிட்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் கூட்டாளியைக் கூப்பிட்டால், நடுவழியில் கழன்றுகொள்வார்.

இறங்கும் இடத்தைக் கடைசியில் தேடுவதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. அந்த 5 ஜிகாவாட்டுக்கு 13 கிலோமீட்டருக்குப் 10 கிலோமீட்டர் ஆன்டெனா வயல் வேண்டும். "பழவேற்காடு ஏரி சும்மாத்தானே கிடக்கு" என்றார் மாமா. சும்மா கிடக்கவில்லை. அதில் வலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பூநாரைகள் வருகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவையும் ஒரு காலத்தில் வெற்றுத் தீவு என்றுதான் நினைத்தார்கள். அங்கிருந்த யானாதி பழங்குடி மக்கள் இடம் மாற வேண்டியிருந்தது. மீனவரிடம் போய் எண்ணைச் சொல்ல வேண்டும்: பழைய திட்டத்தின்படி மேலிருந்து இறங்கும் நுண்ணலைக் கற்றையின் நடுவில் சதுர மீட்டருக்கு 230 வாட், உச்சி வெயிலில் கால் பங்கு, ஓரத்தில் 10 வாட். பறவைக்கும் மனிதருக்கும் அது வருஷக் கணக்கில் என்ன செய்யும் என்பதை வெளியாட்கள் சோதிக்கவும் விட வேண்டும்.

"இதையே ஆயுதமாத் திருப்பினா?" என்று மாமா கடைசியாகக் கேட்டார். கற்றை குவிவதற்குத் தரையிலிருந்து ஒரு வழிகாட்டி சிக்னல் மேலே போக வேண்டும். அது நின்றால் கற்றை சிதறிவிடும். அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். அப்படியானால் ஒப்பந்தத்தில் அதிக நேரம் பேச வேண்டியது அந்த சிக்னலைப் பற்றித்தான். அதை ஒரே நாடு வைத்திருந்தால் மற்ற நாடுகள் பணம் போடத் தயங்கும். மாமா அதைத் தன் பாணியில் சுருக்கினார்: "அதாவது, மதகுச் சாவி யார் இடுப்புல இருக்குங்கிற பிரச்சினைதான்."