திருப்பத்தில் தத்திய முன் டயர், கோளாறு பின்பக்கம்

ஒருவழியாகச் சரியாகிவிட்டது. என் பழைய ரியர் வீல் டிரைவ் ஸ்போர்ட்ஸ் காரை கொண்டோ பார்க்கிங்கில் ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாகத் திருப்பினால், முன் டயர் உருளாமல் தத்தித் தத்திப் போகும். அகலமான டயர் போட்ட கார்களில் அக்கர்மன் கோணம் (திரும்பும்போது உள், வெளி முன் சக்கரங்கள் வேறு வேறு அளவு ஒடியும் கணக்கு) ஒத்துவராமல் இப்படி வருவதுண்டு, அதுவும் குளிர்நாடுகளில் ரப்பர் இறுகிப்போகும்போது. கோலாலம்பூர் வெயிலில் அதற்கு ஏது வழி? இருந்தாலும் அலைன்மென்ட் பார்த்தேன், காற்றைக் கூட்டிக் குறைத்தேன், பால் ஜாயின்டை ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

காலையில் வண்டியை எடுக்கும்போது தத்தலே இருக்காது, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலைத் தாண்டி வீடு திரும்பும்போதுதான் வரும். டயர் கோளாறு என்றால் சூடேற ஏறக் குறையத்தானே வேண்டும்! செந்தூல் பட்டறை அண்ணனிடம் இதைச் சொன்னதும் திருப்பத்தில் இரண்டு பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் கியர் தொகுதியான பின் டிஃபரென்ஷியலுக்கு நேராகப் போனார். பழைய சர்வீஸ் பில்லில் சாதா கியர் ஆயில் என்றே இருந்தது. என் காரில் இருப்பது கிளட்ச் தட்டு உள்ள எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல். அதற்குச் சாதா ஆயில் ஆகாது; தட்டுகள் வழுக்காமல் பிடித்துப் பிடித்து விடும், இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றி முன்பக்கத்தை நேராகத் தள்ளும்.

பழையதை வடித்து, எல்எஸ்டி ஆயிலும் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையரும் (தட்டுகள் பிடிக்காமல் வழுக்க உதவும் சேர்ப்பு) ஊற்றினோம். அப்புறம் காலி இடத்தில் 8 வடிவில் மெதுவாகச் சுற்றினால்தான் ஆயில் தட்டுகளுக்குள் இறங்கும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். முதலில் கொஞ்சம் கடகடத்தது, பிறகு அடங்கிவிட்டது.