உப்பங்கழியில் மீன்குஞ்சுகளைப் பார்ப்பது எப்படி?

புதுச்சேரி தேங்காய்த்திட்டு உப்பங்கழிக்கு மீன்குஞ்சுகளைப் பார்க்கச் செல்பவர், கிளம்பும் முன் அன்றைய வற்றம், அதாவது கடல்நீர் இறங்குவது, எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று அறிந்துகொள்ள வேண்டும். நம் கரையில் ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இருமுறை வந்து, அன்றாடம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், நேற்றைய நேரத்தை நம்பி இன்று போனால் ஏமாற நேரிடும். நீர் முழுதும் வற்றியபின் சேறுதான் மிஞ்சும். வற்றத் தொடங்கிய சிறிது நேரத்தில் ஓடைக்கரையில் நின்றால், கண்டல் (அலையாத்தி) மர வேர்களுக்கிடையே மேய்ந்த குஞ்சுகள் வெளியே வருவதைக் காணலாம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளநீர் கலங்கலாக இருக்கும். தை பிறந்தபின் செல்வது நல்லது.

வெயில் பக்கவாட்டில் விழும்படி நின்று, உங்கள் நிழல் நீரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழலைக் கொக்கென்று எண்ணுமோ என்னவோ, குஞ்சுகள் நொடியில் கலைந்துவிடும். கணுக்கால் ஆழத்தில் ஒன்றாகத் திரும்பும் வெள்ளிக் கூட்டம் பெரும்பாலும் மடவைக் குஞ்சுகளாக இருக்கும். தட்டைத் தலையும், முதுகில் ஒன்றையொன்று விட்டு விலகிய இரு துடுப்புகளும் அவற்றின் அடையாளம். கொடுவாக் குஞ்சைக் காண வேர் நிழலில் பொறுமையாகத் தேட வேண்டும். பெரிய கொடுவாவின் வெள்ளி நிறம் அதற்கு இராது. பழுப்பு உடலில் தலையுச்சி வழியே வெளிர் கோடு ஓடும்.

இவ்விரு மீன்களும் உப்புநீரில் முட்டையிடுபவை. இரைக்காகவும் பெரிய மீன்களிடமிருந்து தப்பவும் குஞ்சுகள் கழிக்குள் வருகின்றன. வட பசிபிக்கின் சால்மன் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஆற்றின் சரளைக் கற்களிடையே பொரிக்கும் அதன் குஞ்சு, கடலுக்குப் போகும் வழியில் கழிமுகத்தில் தங்குகிறது. சினூக் என்னும் இனத்தின் குஞ்சுகள் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை அங்கே பூச்சிகளையும் நுண்ணிய இறாலின உயிர்களையும் தின்று வளர, நன்னீரில் உப்பை உள்ளிழுத்துவந்த செவுள்கள் மிகை உப்பை வெளியேற்றப் பழகுகின்றன. அங்கே நன்கு வளர்ந்து கடலில் நுழையும் குஞ்சு பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். பருவமடைந்தபின் அது பிறந்த ஆற்றை மணத்தால் அறிந்து திரும்புகிறது. (நம் சந்தையில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கும் காலா மீன் அதற்கு உறவே அல்ல.)

நெருங்கிப் பார்க்க விரும்பினால் கொசுவலையால் அரிக்காமல், வெள்ளைக் கிண்ணத்தில் கழிநீரோடு ஒன்றிரண்டை மொண்டு, ஒரு நிமிடத்தில் அதே இடத்தில் விட்டுவிடுங்கள். சேற்றில் புதைந்த சிப்பிகள் காலைக் கிழிக்கும் என்பதால் செருப்பைக் கழற்ற வேண்டாம்.